சோழகத்தில் வீச்சு வலை

கற்பிட்டிக் களப்பில் சோழகம் எழும்பிவிட்டது. மே தொடங்கி செப்டம்பர் வரை அடிக்கிற காற்று. இதை நம்பித்தான் வெளிநாட்டார் கைட் சேர்ஃபிங் பலகைகளோடு வந்து இறங்குகிறார்கள். கண்டல் ஓரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் மனிதருக்கோ அது வலையை மடக்கிப் போடுகிற காற்று. அவருக்குப் பின்னால் பறியைப் பிடித்தபடி மகன்.

இடது மணிக்கட்டில் கயிற்றுச் சுருக்கு. வலையின் ஓரத்தை இடது முழங்கையில் போட்டுக்கொண்டு மிச்சத்தை இரண்டு கைக்கும் பங்கிடுகிறார். ஈயமணிகள் ஒன்றோடொன்று தட்டுகின்றன.

“வாப்பா, அந்தா!”

“பொறு மகன்.”

இடப்புறம் நீட்டி நிற்கும் கண்டல் வேருக்கு அப்பால் தண்ணீர் நெளிகிறது. மணலை மீன் கூட்டம். நேரே எறிந்தால் வலை வேரில் மாட்டும். விலக்கி எறிந்தால், இடமிருந்து வரும் காற்று அதை இன்னும் வலப்புறம் தள்ளிவிடும். அவர் வேரை உரசுகிற மாதிரியே குறி வைக்கிறார். காற்று தள்ளப்போகும் தூரமும் அந்தக் குறியில் அடங்கியிருக்கிறது.

இடுப்பு வலப்பக்கம் திருகி, சட்டென்று இடப்பக்கம் அவிழ்கிறது. வலது கை முதலில் விடுகிறது. இடது கை கண்ணிமைக்கும் நேரம் பிந்துகிறது. வித்தை முழுக்க அந்தப் பிந்தலில் இருக்கிறது. பிடியில் நின்ற பக்கத்தை அச்சாகக் கொண்டு மற்ற ஈயமணிகள் சுழன்று விரிகின்றன. காற்றுப் பக்க விளிம்பைத் தாழ்த்தி எறிந்திருக்கிறார். அந்த மணிகள் வேரடியில் முதலில் தண்ணீரைக் குத்துகின்றன. அந்தப் பக்கம் நின்றுவிட, வேகம் தீராத வலப்பக்கம் முன்னேறி வளைந்து, வேருக்குப் பின்னால் போய் விழுகிறது. வட்டமல்ல, பிறை. அதே விளிம்பு உயர்ந்திருந்தால் காற்று அடியில் புகுந்து வலையைச் சுருட்டியிருக்கும்.

ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுவரெலியாவுக்கு டிரவுட் மீனைக் கொண்டுவந்தார்கள். அந்த மீனுக்குத் தூண்டில் வீசுகிறவர்களுக்கும் இந்த வளைவு தெரியும். ஈயைப் போலக் கட்டிய பொய்யிரைக்கு எடை கிடையாது; எடையெல்லாம் நூலில். கோலைப் பக்கவாட்டில் கூடுதல் வேகத்தோடு வீசிச் சட்டென நிறுத்தினால், நூலின் நுனி மட்டும் மிச்ச வேகத்தில் கல்லைச் சுற்றித் திரும்பி விழும். அங்கே கோலை நிறுத்துவதால் நடப்பது இங்கே பிந்தி விடும் கையாலும் தாழ்ந்த விளிம்பாலும் நடக்கிறது. இதைக் கற்றுத்தர ஆங்கிலேயரின் நாட்டில் பள்ளிகளே உண்டு. இங்கே தகப்பனின் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் பழக வேண்டும்.

கயிற்றை மெல்ல இழுக்கிறார். மணிகள் சேற்றை உரசியபடி ஒன்றுசேர்கின்றன. வலைக்குள் வெள்ளி வெள்ளியாய்த் துள்ளல்.

“இப்ப நீ எறி.”

பையன் எறிகிறான். இரண்டு கையும் ஒன்றாக விடுகின்றன. காற்று வலையைத் தூக்கி மடித்து அவன் காலடியிலேயே போடுகிறது. தகப்பன் ஏசவில்லை. வலையை அள்ளி மறுபடி அவன் முழங்கையில் போட்டுவிட்டு, அவனுடைய இடது கை விரல்களைத் தன் கையால் மூடிப் பிடித்துக்கொள்கிறார்.

“நான் விடும்போது நீயும் விடு.”