பெயர் சொல்லாதது

கோடியக்கரை மணலில் கிணறு தோண்டினால் பாதி நாள் உப்புக் கரிக்கும். இருந்தும் எங்கள் கிணற்றடியில், கால் கழுவும் நீர் தேங்குமிடத்தில், அம்மா சேம்பும் வசம்பும் வளர்த்து வந்தாள். விளக்கு வைத்த பிறகு வசம்பைப் 'பெயர் சொல்லாதது' என்றுதான் குறிப்பிடுவாள்.

சேம்பிலை யானைக் காது. தண்ணீரை முத்தாக உருட்டித் தள்ளிவிடும். வசம்பிலை கத்தி; கசக்கினால் மணக்கும். நாவை அரிக்கும் சேம்பு புளியில் வெந்தால் அடங்கிவிடும். வசம்பின் காரம் எதற்கும் அடங்காது. தாவர சாஸ்திரிகள் முன்பு இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள். பின்னர் வசம்பைத் தனிக் குடித்தனம் வைத்துவிட்டார்கள்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தது. கிணற்றடியில் கடல்நீர் நின்றது; இரண்டும் கருகின. மறுமாதம் எனக்கு மகள் பிறந்தாள். அம்மா கடை வசம்பைச் சுட்டு, உரைக்க உட்கார்ந்தாள்.

"உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது என்கிறார் டாக்டர், அம்மா" என்றேன்.

"உனக்குக் கொடுத்துத்தானே வளர்த்தேன்?" என்றாள். ஆனாலும் கல்லைக் கழுவி வைத்துவிட்டாள். மீதித் துண்டுகளை நூலில் கோத்துக் குழந்தையின் கையில் கட்டினாள்.

இரண்டு மழைக்குப்பின் சேம்பு தானாகவே முளைத்தது. வசம்பு வரவில்லை. அந்த இடத்தில் வேறெதையும் நட அம்மா விடவில்லை.