பின்னால் எத்தனை பேர்?

ஜனவரி 15, 2024, திங்கள்

நள்ளிரவு நெருங்கிவிட்டது. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவின் சேலைக் கடைகளும் தொப்பிக் கடைகளும் கதவிறக்கி வெகு நேரமாகிறது. மூலையிலுள்ள மாமாக் கடையில் மட்டும் உட்கார நாற்காலி இல்லை. கத்தாரில் ஆசியக் கிண்ணம் தொடங்கிவிட்டது. தேசிய அணியான ஹரிமாவ் மலாயாவின் முதல் ஆட்டம் ஜோர்டானோடு, மலேசிய நேரப்படி விடிகாலை 1.30க்கு.

திரைக்கு நேர் எதிரேயுள்ள மேசை எப்போதும் நால்வருக்குச் சொந்தம். துணி மொத்த வியாபாரத்தில் தலை நரைத்த நானா. கோயில் மாலை கட்டி விற்கும் அக்கா. கிள்ளானிலிருந்து வேனில் சரக்கு ஏற்றி வரும், சிலாங்கூர் அணியின் சிவப்பு மஞ்சள் சட்டையைக் கழற்றாத ஓட்டுநர். நானாவின் கடையில் கணக்கெழுதும் தம்பி. நால்வரும் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனதைக் கடை முதலாளி பார்த்ததில்லையாம்.

இன்று எல்லோருக்கும் நம்பிக்கை. 2007இல் மலேசியா இந்தப் போட்டியில் ஆடியது, போட்டியை நடத்திய நாடுகளில் ஒன்று என்பதால்தான். தகுதிச் சுற்றில் வென்று உள்ளே போவது 1980க்குப் பிறகு இதுதான் முதல் முறை. 2022 ஜூன் 14 அன்று புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் வங்காளதேசத்தை 4-1 என்று வென்ற இரவை ஓட்டுநர் இன்னும் மனப்பாடமாகச் சொல்கிறார். கடந்த அக்டோபரில் இந்தியாவை 4-2, நவம்பரில் கிர்கிஸ்தானை 4-3.

“நாலு அடிக்கிறோம், சரி. மூணு வாங்குறோமே, அதுக்கு யார் பதில் சொல்றது?” என்று நானா கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

பதிலை ஜோர்டான் சொல்லிவிட்டது. 12ஆவது நிமிடத்தில் மஹ்மூத் அல்-மர்தி. 18இல் பெனால்டியில் மூசா அல்-தாமரி. 32இல் மறுபடி அல்-மர்தி. தே தாரிக் ஆறுவதற்குள் மூன்று. 85இல் அல்-தாமரி நான்காவதையும் போட்டார். தரவரிசையில் ஜோர்டான் 87, மலேசியா 130 என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் முதல் அரை மணி நேரத்திலேயே ஆட்டம் முடிந்துபோகும் என்று யாரும் நினைக்கவில்லை.

மாலையில் கடை அடைத்ததும் விசாரணை ஆரம்பம். ஓட்டுநரின் தீர்ப்பு தயாராக இருந்தது: “பின்னால மூணு பேர வச்சு ஆடுனா இப்படித்தான் லா. நாலு பேர் நிக்கணும்.”

பயிற்சியாளர் கிம் பான்-கோன் விரும்பியது அந்த மூவர் முறையைத்தான். தென்கொரியரான கிம், ஹாங்காங் அணிக்குப் பயிற்சி தந்தவர். பிறகு சொந்த நாட்டுச் சங்கத்தில் தேசியப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 2022 ஜனவரியில் மலேசியாவுக்கு வந்தார். நடுத் தற்காப்பில் மூவர் நின்றால், இரு ஓரங்களிலும் உள்ளவர்கள் முன்னேறித் தாக்கலாம். மேலே போன அந்த நேரத்தில் நடுத்திடலில் பந்து பறிபோனால் இரு ஓரமும் வெட்டவெளி. மூவரில் ஒருவர் கோட்டோரம் ஓடியாக வேண்டும், அவர் விட்டுப்போன இடம் காலி. அப்போது பிரான்சின் மோன்பெலியே அணிக்கு ஆடிக்கொண்டிருந்த அல்-தாமரிக்குப் பிழைப்பே அந்தக் காலி இடத்தில்தான்.

தம்பி குறுக்கிட்டான். “அண்ணே, நாலு பேர் நின்னாலும் பந்த நடுவுல விட்டா இதே கததான்.”

“2015ல அபுதாபியில எத்தன பேர் நின்னாங்க தம்பி?” என்றார் ஓட்டுநர்.

மேசை அமைதியானது. அந்த ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் வாங்கிய 10-0ஐ இங்கே யாரும் உரக்கச் சொல்வதில்லை. அன்றைய பயிற்சியாளர் டோல்லா சாலே அதோடு பதவி விலகினார். ஐந்து நாள் கழித்து ஷா ஆலாமில் சவூதியோடு நடந்த ஆட்டத்தில் ரசிகர்கள் திடலுக்குள் தீப்பந்தங்களை வீச, ஆட்டம் முடியும் முன்பே நின்றது. ஓட்டுநர் தம் கட்சிக்கு ஆதரவாகவே அதை இழுத்தார். ஆனால் அன்று பின்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்பது அவருக்கே நினைவில்லை.

ஜனவரி 18, வியாழன்

இன்று நானாவின் நாள். தற்காப்பு என்று பேச்சு வந்தால் அவர் கடைசியில் சேர்வது ஒரே இடம்: மெர்டேக்கா அரங்கம், 1980. நடுத் தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும், அவர்களுக்குப் பின்னால் நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயரெடுத்த ஆர். ஆறுமுகம். ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் முடிவாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்றார்கள். வெற்றிக் கோல் ஜேம்ஸ் வோங்கினுடையது. மாஸ்கோ போட்டியை மலேசியா புறக்கணித்ததால் அந்த அணி ஒலிம்பிக் திடலில் கால் வைக்கவே இல்லை. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தார். 2016இல் வந்த ‘ஓலா போலா’ படத்தில் முத்து என்ற கோல்கீப்பராக அவரைப் புதிய தலைமுறை பார்த்தது.

“அந்தக் காலத்துல மூணா நாலான்னு எவன் கேட்டான்? ஒருத்தன் தப்பு பண்ணா இன்னொருத்தன் கத்துவான். இப்ப யாரும் கத்துறதில்ல,” என்றார் நானா.

பழம்பெருமை என்று தள்ளிவிடத் தோன்றும். தற்காப்பைப் பற்றி இந்த மேசையில் பேசப்பட்டவற்றில் உருப்படியான பேச்சு இதுதான் என்று சொல்லவும் இடமிருக்கிறது. பின்வரிசை என்பது முதலில் குரல்தான். யார் ஏற வேண்டும், யார் நிற்க வேண்டும், ஓரத்தில் யார் ஆளில்லாமல் ஓடுகிறான் என்று ஒருவர் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜனவரி 20, சனி

லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இரவுச் சந்தை. பொட்டலங்களோடு வந்தவர்கள் அப்படியே மாமாக் கடையில் ஒதுங்கினார்கள். பஹ்ரைனோடு ஆட்டம் இரவு 10.30க்கு. அதற்கு முன் நடந்த ஆட்டத்தில் ஜோர்டான் தென்கொரியாவை 2-2 என்று நிறுத்தியிருந்தது. “நாம தோத்தது சாதாரண டீம்கிட்ட இல்ல,” என்று அக்கா ஆறுதல் சொன்னார்.

இன்று தற்காப்பு தடுமாறவில்லை. 90 நிமிடம் ஓடியும் 0-0. ஒரு புள்ளி கிடைத்தால்கூடக் கடைசி ஆட்டம் வரை உயிர் இருக்கும். மீ கோரெங் தட்டுகளை எடுக்க வந்த ராமநாதபுரத்துப் பையனுக்குக் கிரிக்கெட் மட்டுமே தெரியும். “இன்னும் எத்தன பால்ணே இருக்கு?” என்று கேட்டு எல்லோரிடமும் திட்டு வாங்கினான்.

90+5: அலி மதன், பஹ்ரைன், கோல்.

மலேசியா வெளியே. ஓட்டுநர் எழுந்து வேன் சாவியை எடுத்துக்கொண்டு சொல்லாமல் போய்விட்டார்.

ஜனவரி 23, செவ்வாய்

ஜாலான் துன் எச்.எஸ். லீயிலுள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படும் இரவு. அக்காவுக்குத் தலை நிமிர நேரமில்லை. காற்பந்து பேச யாரும் வரவில்லை.

ஜனவரி 25, வியாழன், தைப்பூசம்

விடுமுறை நாள். இரவு 7.30க்கு ஆட்டம் என்பதால் பத்துமலையிலிருந்து திரும்பியவர்கள் திருநீறு அழியாமலே வந்து உட்கார்ந்தார்கள். எதிரே தென்கொரியா, தரவரிசையில் 23. கிம்முக்குச் சொந்த நாடு. மலேசியாவுக்கு இழக்க இனி ஒன்றுமில்லை. “ஆறு வாங்காம வந்தாப் போதும்,” என்றார் நானா.

21ஆவது நிமிடம், லீ காங்-இன் அடித்த கார்னர், ஜியோங் வூ-யோங்கின் தலை, கோல். நானா கண்ணை மூடிக்கொண்டார்.

51ஆவது நிமிடத்தில் கதை திரும்பியது. கொரிய நடுத்திடலில் ஹ்வாங் இன்-பியோமிடமிருந்து பந்து பறிபோக, அது ஃபைசல் ஹாலிமின் காலுக்கு வந்தது. பாயர்ன் மியூனிக்கின் கிம் மின்-ஜேவை ஏமாற்றி, கோல்கீப்பரையும் கடந்து உள்ளே போட்டார் ஃபைசல். நாற்காலிகள் சரிந்தன. பத்து நாளாக எந்தக் குறையைச் சொல்லித் தங்கள் அணியைத் திட்டினார்களோ, அதே குறையைக் கொரியாவும் செய்தது என்பதைக் கவனிக்கிற நிலையில் யாரும் இல்லை. 62இல் அரிஃப் ஐமான் பெனால்டியில் இரண்டாவது. மலேசியா 2, கொரியா 1. திரையின் மூலையில் தெரிந்த அந்த எண்ணை ஓட்டுநர் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டார், நாளை யாரும் நம்ப மாட்டார்கள் என்று.

83இல் ஃப்ரீ கிக்கிலிருந்து சமன். 90+4இல் சன் ஹியூங்-மின் பெனால்டி. 3-2. “மறுபடியும் கடேசி நிமிஷம்!” என்று அக்கா மேசையில் அடித்ததில் தே ஓ ஐஸ் கவிழ்ந்தது. பாதிப் பேர் எழுந்து பணம் கொடுக்கப் போய்விட்டார்கள். அவர்கள் கல்லாவில் நின்றபோதுதான், 90+15இல், ரோமெல் மொராலெஸ் மூன்றாவதைப் போட்டார்.

3-3. 2007இல் மூன்று ஆட்டமும் தோற்று, ஒரே ஒரு கோல் அடித்து, பன்னிரண்டு வாங்கித் திரும்பிய நாடு இது. வெற்றி இல்லை, தகுதியும் இல்லை, பட்டியலில் கடைசி இடம். இருந்தும் தெருவில் வாகன ஒலி ஓய வெகு நேரமானது.

ஜனவரி 26, வெள்ளி

மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசலில் ஜும்மா முடிந்து, தமிழில் குத்பா கேட்ட கூட்டம் கலைந்து, சாப்பாட்டு நேரமும் கழிந்தபின் நால்வரும் கூடினார்கள். தம்பி ஒரு ரசீதின் பின்பக்கத்தை மேசையில் விரித்தான். வாங்கிய எட்டுக் கோலையும் நிமிடவாரியாக எழுதியிருந்தான்: 12, 18, 32, 85, 90+5, 21, 83, 90+4.

“இதுல எத்தன கோல் எண்பது நிமிஷத்துக்கு மேல?”

நான்கு. சரிபாதி.

“எத்தன கோல் பந்து நின்ன பிறகு? பெனால்டி, கார்னர், ஃப்ரீ கிக்?”

மறுபடியும் நான்கு. கொரியா போட்ட மூன்றும் அப்படித்தான் வந்தன. ஓடுகிற பந்தில் கொரியாவால் மலேசியாவின் கோல் வலையைத் தொடவே முடியவில்லை. இரண்டு கணக்கிலும் சேராதவை ஜோர்டான் முதல் பாதியில் போட்ட இரண்டு மட்டுமே.

பத்து நாளாக மேசையைப் பிளந்த மூன்றா நான்கா என்ற வழக்குக்கு அந்தச் சீட்டில் இடமே இல்லை. கார்னரைத் தடுக்கும்போது முறையெல்லாம் கலைந்துபோகும். அணியே பெட்டிக்குள் இறங்கி நிற்கும். அங்கே யார் யாரைப் பிடிப்பது, கோல்கீப்பர் எப்போது வெளியே வருவது என்பதுதான் கேள்வி. 85ஆவது நிமிடத்தில் கால் கனத்துப்போனால் மூவர் முறையும் நால்வர் முறையும் ஒன்றுதான்.

ஓட்டுநர் விடுவதாக இல்லை. “கால் ஏன் கனக்குது? ரெண்டு ஓரமும் ஏறி ஏறி இறங்குறதால. நாலு பேர் நின்னா அந்த ஓட்டமே மிச்சம்.” வாதம் மோசமில்லை, தம்பியே தலையசைத்தான்.

அக்கா வேறு பக்கம் திரும்பினார். மலேசிய சூப்பர் லீக்கை ஜொகூரின் ஜேடிடி அணி 2014 தொடங்கி விடாமல் வென்று வருகிறது. தேசிய அணியின் தூண்களில் பலர் அந்த அணிக்காரர்கள். வாராவாரம் எளிதாக ஜெயிக்கும் அணியில் ஆடுகிறவன், கடைசிப் பத்து நிமிடம் நெருக்கடியில் நின்று தடுப்பதை எங்கே பழகுவான்? மற்ற அணிகளோ நடுத் தற்காப்புக்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத் தேடிப் போகின்றன. பூக்கட்டும் விரல் நிற்காமலே அவர் சொன்ன இதற்கு மேசையில் மறுப்பு எழவில்லை. தேசிய அணியின் தற்காப்பு புக்கிட் ஜாலிலில் கெடவில்லை, உள்ளூர் லீக்கின் சுகத்தில்தான் கெட்டது என்பது வலுவான கட்சி.

நானா மட்டும் 2010ஐ நினைவூட்டினார். கே. ராஜகோபால் பயிற்சியாளராக இருந்த ஆண்டு. தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 5-1. இரு சுற்று இறுதியாட்டத்தில் டிசம்பர் 26ஆம் தேதி அதே இந்தோனேசியாவை புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வென்று, ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றும் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்கள். “ஆளயும் மாத்தல, மொறையயும் மாத்தல. தப்ப மட்டும் திருத்துனாரு,” என்றார். அது முழு உண்மையா என்று யாரும் சோதிக்கவில்லை. ராஜகோபால் பெயர் வந்தால் இந்த மேசையில் குறுக்கு விசாரணை கிடையாது.

பிப்ரவரி 7, புதன்

நேற்றிரவு அரையிறுதி. மலேசியாவை நான்கு கோலில் புதைத்த ஜோர்டான், தென்கொரியாவை 2-0 என்று வீட்டுக்கு அனுப்பியது. 53ஆவது நிமிடத்தில் பார்க் யோங்-வூ பின்னோக்கித் தட்டிய பந்தை அல்-தாமரி இடைமறித்து யஸான் அல்-நைமாத்துக்குக் கொடுக்க, முதல் கோல். 66இல் இரண்டாவதை அல்-தாமரி தானே ஓடிப்போய் அடித்தார். கொரியா ஒருமுறைகூடக் கோலுக்குக் குறிதவறாமல் அடிக்கவில்லை.

ஓட்டுநரின் நடையே மாறிவிட்டது. “பாத்தியா? சன் ஹியூங்-மின் டீமுக்கே இந்த கதி.” தோல்வியின் மதிப்பு எதிராளி ஏற ஏறக் கூடுகிறது, 4-0 இப்போது கிட்டத்தட்ட கௌரவமான எண்ணாகிவிட்டது. “அவங்க வாங்குனது ரெண்டு, நாம வாங்குனது நாலு,” என்று தம்பி கணக்கைச் சரி செய்தான்.

மார்ச் 26, செவ்வாய்

நோன்பு மாதம். பள்ளிவாசலில் கஞ்சிக்கு வரிசை, தெரு முழுக்கப் பஜார் கூடாரங்கள். தராவீஹ் முடிந்து மேசை கூடியபோது உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஓமானோடு இரண்டாம் ஆட்டம். ஐந்து நாள் முன்பு மஸ்கட்டில் 0-2. இன்று புக்கிட் ஜாலிலிலும் 0-2.

பின்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை, வழக்கு மாறிவிட்டது.

“முன்னால ஆள் எங்க இருக்கான்?” என்றார் ஓட்டுநர். “ரெண்டு பேர முன்னால நிறுத்தணும்.”

“ஒருத்தன் போதும் அண்ணே, பந்து போய்ச் சேரணும்,” என்றான் தம்பி. நானா இன்னொரு தே தாரிக் சொன்னார்.