ஆன்லைனில் வாங்கிய அரையணா

நவரை நடவு முடிஞ்சு நாலு நாள் ஆகுது. கழனியில தண்ணி நிக்குது, எனக்கும் உட்கார கொஞ்சம் நேரம் கிடைச்சிருக்கு. போன தடவை ஏதோ எழுதும்போது, தபால்தலை சேகரிக்கிற பழக்கம் உண்டுன்னு ஒரு வரி போட்டிருந்தேன். அதைப் படிச்சிட்டு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க, "ஐயா, விவசாயிக்கும் ஸ்டாம்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று.

பெரிய சம்பந்தம் ஒண்ணும் கிடையாது. நான் ஒன்பதாவது படிக்கும்போது மாமா ஒருத்தர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். அவர் போடுற கடிதத்தில் இருந்த தலைகளைத் தண்ணியில ஊறவச்சு எடுத்து, பழைய கணக்கு நோட்டில் ஒட்டினேன். அப்புறம் தாத்தாவோட பெட்டியில் பழைய கடன் பத்திரங்கள் கிடைச்சது. ஒரு அணா ஸ்டாம்பை ஒட்டி, அது மேலேயே கைநாட்டு வச்சிருந்தாங்க. கடனை அடைச்சாச்சா இல்லையான்னு கேட்க ஆள் இல்லை, ஸ்டாம்பு மட்டும் இருக்கு. அன்னைக்குப் பிடிச்ச பழக்கம்தான்.

முப்பது வருஷம் இந்தப் பழக்கத்துக்கு நான் பெருசா செலவு பண்ணினது இல்லை. காஞ்சிபுரம் தலைமைத் தபால் நிலையம், எப்பவாவது சென்னை அண்ணா சாலை தபால் நிலையத்துல இருக்கிற சேகரிப்பாளர் கவுண்டர், அவ்வளவுதான். 2017 மே 1-ஆம் தேதி ராமானுஜருக்கு ஆயிரமாவது ஆண்டுத் தலை வெளியிட்டப்போ, அதை வாங்கி எங்க ஊர்க்காரங்க பத்து பேருக்குக் காட்டினேன். ராமானுஜரோட சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊராச்சே எங்க கூரம்!

கொரோனா ஊரடங்கு நேரத்துலதான் பையன் போன்ல எல்லாத்தையும் போட்டுக் கொடுத்தான். விக்டோரியா ராணி, ஜார்ஜ் ராஜா, திருவிதாங்கூர் சங்கு என்று நான் படத்தில் மட்டுமே பார்த்த தலைகள் எல்லாம் படுத்த படுக்கையில கண்ணு முன்னாடி வந்துச்சு. விரலால ஒரு தட்டு தட்டினா நாலு நாள்ல வீட்டுக்கு வருது. அங்கேதான் ஆரம்பிச்சது வினை.

நான் வாங்கினது விக்டோரியா அரையணா, நீலம். "ஈஸ்ட் இந்தியா கம்பெனி காலத்து ஸ்டாம்ப், 1856, வாட்டர்மார்க் இல்லாதது, அரிது" என்று போட்டிருந்தாங்க. தொள்ளாயிரம் ரூபாய். நடவுக்கு ரெண்டு ஆள் கூலி. வீட்டம்மாகிட்ட தொண்ணூறுன்னு சொன்னேன்.

இதுல என்ன விஷயம்னு உங்களுக்குச் சொல்லணும். இந்தியா முழுக்கச் செல்லுற மாதிரி தபால்தலை வந்தது 1854 அக்டோபர் 1-ஆம் தேதி. அதைக் கல்கத்தாவில் அச்சடிச்சாங்க. அடுத்த வருஷத்துல இருந்து லண்டன்ல டி லா ரூ என்கிற கம்பெனி அச்சடிச்சு அனுப்ப ஆரம்பிச்சது. முதல்ல வந்த அரையணாவில் வாட்டர்மார்க் கிடையாது. 1865-ல் இருந்துதான் காகிதத்துக்குள்ளேயே யானைத் தலை வாட்டர்மார்க் வந்தது. முன்பக்கம் பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். அதே ராணி, அதே நீலம், அதே எழுத்து. ஆனா முன்னது கிடைக்கிறது கம்மி, விலை ஜாஸ்தி. பின்னது சாதாரணமா கிடைக்கும்.

இன்னொரு குழப்பமும் இருக்கு. கம்பெனி ஆட்சி 1858-லேயே முடிஞ்சு போச்சு. ஆனா தலையில "ஈஸ்ட் இந்தியா" என்கிற பேர் 1882 வரைக்கும் ஓடிக்கிட்டு இருந்தது. அதனால ஈஸ்ட் இந்தியான்னு எழுதியிருந்தா உடனே கம்பெனி காலம்னு நினைச்சுடுறோம். விக்கிறவனும் நினைக்கிறான், வாங்குறவனும் நினைக்கிறான்.

தலை வந்து சேர்ந்தது. ஆல்பத்துல வச்சு ஒரு மாசம் அழகு பார்த்தேன். சோதிக்கணும்னு தோணலை. உண்மையைச் சொன்னா, சோதிக்கப் பயம். அப்புறம் ஒரு நாள் மத்தியானம், கரன்ட் இல்லாத நேரம், பாத்ரூமுக்கு வாங்கி மிச்சமான கருப்பு டைல்ஸ் துண்டை எடுத்து வாசத்திண்ணையில வச்சேன். தலையைக் குப்புறக் கவுத்துப் போட்டு, சிகரெட் லைட்டருக்கு ஊத்துற பெட்ரோல் ஒரே ஒரு சொட்டு விட்டேன். (பக்கத்துல அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது. காத்தோட்டமான இடத்துல செய்யணும்.) காகிதம் நனைஞ்சதும் வாட்டர்மார்க் இருக்கிற இடம் மட்டும் கருப்பாத் தெரியும். ரெண்டு மூணு நொடிதான், அதுக்குள்ள காஞ்சிடும்.

தும்பிக்கை முதல்ல தெரிஞ்சது. அப்புறம் காது.

கழனியில இதே மாதிரி ஒரு தடவை ஏமாந்திருக்கேன். வெள்ளைப் பொன்னின்னு சொல்லித் தெரிஞ்சவர் ஒருத்தர் விதை கொடுத்தார். நாத்தங்கால்ல எல்லாம் ஒண்ணு போல பச்சைப் பசேல்னு இருந்தது. கதிர் வரும்போதுதான் அங்கங்கே ஒரு முழம் உசரமா வேற நெல்லு தலையைத் தூக்கிப் பார்த்தது. அதுவரைக்கும் போட்ட உரம், கூலி, மோட்டார் தண்ணி எல்லாம் போனது போனதுதான். கொடுத்தவர் மேல கோபம் வரலை. அவருக்கே தெரியலை.

அதே நினைப்புலதான் விக்கிறவருக்கும் மரியாதையா எழுதினேன். டைல்ஸ் மேல யானை தெரியுற படத்தையும் அனுப்பினேன். "நான் ஒரு பெரியவரோட ஆல்பத்தை மொத்தமா வாங்கினேன் சார், அவர் எழுதி வச்சிருந்ததை அப்படியே போட்டேன்" என்று பதில் வந்தது. நியாயமாத்தான் பட்டது. ஆனா திருப்பி எடுத்துக்க மாட்டேன், ஏழு நாள் தாண்டிடுச்சு என்றார்.

சென்னையில வக்கீல்கிட்ட வேலை பார்க்கிற என் தங்கச்சி மகள்தான் சொன்னாள். 2020-ல் வந்த ஆன்லைன் வணிக நுகர்வோர் விதிகள்படி, விளம்பரத்துல சொன்ன தன்மை பொருள்ல இல்லைன்னா திருப்பி எடுத்துக்க மாட்டேன்னு விக்கிறவர் மறுக்க முடியாதாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அந்த நம்பரை நான் கூப்பிடலை. விதியை மட்டும் எழுதினேன். தலையைப் பதிவுத் தபால்ல அனுப்பினேன், மூணு வாரத்துல பணம் வந்துடுச்சு. வீட்டம்மாகிட்டயும் அன்னைக்கு உண்மையைச் சொன்னேன். "தொண்ணூறு ரூபாய்க்கா இத்தனை நாள் சோறு இறங்காம கிடந்தீங்க? அப்பவே நெனச்சேன்" என்றாள்.

கதை இங்கேயே முடிஞ்சிருந்தா நான் எழுதியிருக்க மாட்டேன்.

பத்து நாள் கழிச்சு அதே இடத்துல அதே தலையைப் பார்த்தேன். மேல் ஓரத்துல ஒரு பல் கம்மி, ராணி கன்னத்துல பாதி முத்திரை. சந்தேகமே இல்லை, என் கையில ஒரு மாசம் இருந்த தலை. கீழே எழுதியிருந்தது: "ஈஸ்ட் இந்தியா கம்பெனி காலம், 1856, வாட்டர்மார்க் இல்லாதது, அரிது." விலை ஆயிரத்து நூறு.

முதல் தடவை அவருக்குத் தெரியலை, சரி. ரெண்டாவது தடவை? எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. ரெண்டே நாள்ல "விற்றுவிட்டது" என்று வந்துடுச்சு. யாரோ ஒருத்தர் என்னை மாதிரியே ஆல்பத்துல வச்சு அழகு பார்த்துக்கிட்டு இருப்பார்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லித் திட்டினேன். அப்படித் திட்டிக்கிட்டு இருக்கும்போதுதான் பட்டுனு ஒண்ணு ஞாபகம் வந்தது.

உத்திரமேரூர்ல என் கூட்டாளி மகன் ஒருத்தன் இருக்கான், பத்தாவது படிக்கிறான். என்னைப் பார்த்துத்தான் அவனுக்கும் இந்தக் கிறுக்கு பிடிச்சது. ஆறு மாசத்துக்கு முன்னாடி அவனுக்கு ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ரூபாய்த் தலை ஒண்ணு இருநூத்தி ஐம்பது ரூபாய்க்குக் கொடுத்தேன். லாபம் வைக்கலை, நான் வாங்கின விலைதான். "ஒற்றை நட்சத்திரம்டா, லண்டன் அச்சு" என்று பெருமையாச் சொல்லிக் கொடுத்தேன். அதை வாங்கினது அதே ஆள்கிட்ட. நான் சோதிச்சுப் பார்க்கவே இல்லை.

ஜார்ஜ் தலைகள்ல 1911-ல் இருந்து வந்ததுக்கு வாட்டர்மார்க் ஒரே ஒரு நட்சத்திரம். 1926-ல் இருந்து நாசிக் அச்சகத்துலயே அச்சடிக்க ஆரம்பிச்சாங்க, அதுல காகிதம் முழுக்க நட்சத்திரங்கள் இருக்கும். முத்திரையில 1924, 1925 என்று தேதி தெளிவாத் தெரிஞ்சா கவலையே இல்லை, அது ஒற்றை நட்சத்திரமாத்தான் இருக்கணும். இதுல மெட்ராஸ் என்கிற பேர்ல பாதி எழுத்துதான் விழுந்திருந்தது, தேதி இல்லை.

ரெண்டு நாள் யோசிச்சேன். அவனுக்குத் தெரியாது, தெரியவும் போறதில்லை. சின்னப் பையன் ஆசையைக் கெடுப்பானேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அந்தக் கடைக்காரரும் இப்படித்தானே ஏதோ ஒண்ணு சொல்லிக்கிட்டிருப்பார்?

எங்க ஊர்ல கூரத்தாழ்வான் கதை சின்னக் குழந்தைக்கும் தெரியும். சொத்தையெல்லாம் தானம் பண்ணிட்டு ஸ்ரீரங்கத்துக்கு நடக்கும்போது, காட்டு வழியில அவர் சம்சாரம் பயந்தாங்களாம். மடியில ஏதாவது வச்சிருக்கியான்னு கேட்டாராம். நீங்க சாப்பிடுறதுக்காக ஒரு தங்க வட்டில் கொண்டு வந்தேன் என்றாங்களாம். அதை வாங்கித் தூர எறிஞ்சுட்டு, இப்போ பயம் இல்லாம வா என்றாராம். இருநூத்தி ஐம்பது ரூபாயும் மடியில இருந்தா கனம்தான்.

ஞாயித்துக்கிழமை டைல்ஸ் துண்டையும் பெட்ரோல் டப்பாவையும் பையில போட்டுக்கிட்டு டி.வி.எஸ். வண்டியில உத்திரமேரூர் போனேன். பையன் ஆல்பத்தைக் கொண்டு வந்தான். முதல் பக்கத்துல நடு மத்தியில அந்தத் தலைதான் இருந்தது.

"இதை நான் சோதிக்காம உனக்குக் கொடுத்துட்டேன்பா. இப்போ பார்க்கலாமா?" என்றேன்.

அவனே சொட்டு விட்டான். நட்சத்திரம் ஒண்ணு தெரிஞ்சது. அவன் முகத்துல சிரிப்பு. அடுத்த நொடியே பக்கத்துல இன்னொண்ணு, அதுக்குக் கீழே பாதி நட்சத்திரம். சிரிப்பு போயிடுச்சு. நாசிக்.

பணத்தை எடுத்து நீட்டினேன். வாங்கலை. அவங்க அம்மா "சின்னப் பசங்க விளையாட்டுக்குப் போய் இவ்வளவு தூரம் வந்தீங்களாண்ணே" என்று காபி கொடுத்தாங்க. பையன் மட்டும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே கேட்டான்: "பெரியப்பா, உங்களுக்குத் தெரிஞ்சே கொடுத்தீங்களா?"

"இல்லப்பா. தெரியாமத்தான் கொடுத்தேன். ஆனா தெரிஞ்ச மாதிரி சொல்லிக் கொடுத்தேன்."

அதுதான் தப்புன்னு வாயில இருந்து வந்த பிறகுதான் எனக்கே புரிஞ்சது. தெரியாதது குத்தம் இல்லை. "நான் சோதிக்கலை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், அவனே பார்த்துக்கிட்டு இருப்பான்.

கடைசியில இருநூறு ரூபாயை வாங்கிக்கிட்டான், ஐம்பதை நான் வச்சுக்கணும்னு பிடிவாதம். தலையைத் தரமாட்டேன்னுட்டான். பென்சிலால பழசை அழிச்சிட்டு "நாசிக், பல நட்சத்திரம்" என்று எழுதி, அதே நடுவுல ஒட்டிக்கிட்டான்.

உங்கள்ல யாராவது ஆன்லைன்ல பழைய தலை வாங்குறதா இருந்தா, நான் அடிபட்டுக் கத்துக்கிட்டதைச் சொல்லிடுறேன். முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து வாங்காதீங்க, பின்பக்கம் கேளுங்க. "வாட்டர்மார்க் நீங்களே பார்த்தீங்களா?" என்று எழுத்துல கேளுங்க. வந்த அன்னைக்கே சோதிங்க, என்னை மாதிரி மாசக்கணக்கா வச்சிருக்காதீங்க. தண்ணியில மட்டும் அவசரப்பட்டு ஊறப்போடாதீங்க, சில பழைய சாயம் கரைஞ்சுடும்.

பேனா மை பட்ட தலையா இருந்தா ஜாக்கிரதை. எங்க தாத்தா பத்திரம் மாதிரி, அது கடிதத்துல போகாம ரசீதுலயோ கடன் சீட்டுலயோ ஒட்டினதா இருக்கலாம். மையை அழிச்சுட்டுப் புதுசுன்னு விக்கிறவங்களும் உண்டு.

முக்கியமா, 1948 காந்தி பத்து ரூபாய்த் தலை சல்லிசாக் கிடைச்சா கையைக் கட்டிக்கோங்க. அது சுவிட்சர்லாந்துல கூர்வாசியே அச்சகத்துல அச்சடிச்சது. போலியைப் பூதக்கண்ணாடியில பார்த்தா, செய்தித்தாள் படம் மாதிரி பல கலர்ல புள்ளி புள்ளியாத் தெரியும். அதுலயே "சர்வீஸ்" என்று மேலச்சு போட்ட நாலு தலை ஒட்டினாப்பல இருந்தது, 2017-ல் ஐந்து லட்சம் பவுனுக்குப் போச்சு. அப்படிப்பட்டது நம்ம போனுக்கு நாலாயிரம் ரூபாய்க்கு வராது.

நெல் விதைக்கு மூட்டையில நீலச்சீட்டு இருந்தா அது சான்று விதை, நம்பி வாங்கலாம். தபால்தலைக்கும் சான்று கொடுக்கிற நிபுணர் குழுக்கள் உண்டு. லண்டன்ல இருக்கிற ராயல் சங்கம் 1894-ல் இருந்து கொடுக்குது. ஆனா தொள்ளாயிரம் ரூபாய்த் தலைக்குச் சான்று வாங்கினா, சான்றுக்குத்தான் செலவு அதிகம். நம்மள மாதிரி ஆளுக்கு ஒரு டைல்ஸ் துண்டும் ஒரு சொட்டு பெட்ரோலும்தான் நீலச்சீட்டு.

அந்த அரையணாவை ஆயிரத்து நூறுக்கு வாங்கினவர் இதைப் படிக்கிறவரா இருந்தா, மேல் ஓரத்துல ஒரு பல் கம்மியான்னு பாருங்க. கம்மின்னா, யானை உள்ளே இருக்கு.

மடை மாத்தப் போகணும். மிச்சம் அப்புறம்.