ஒரு சின்னத் துவக்கும் ஐம்பது ரவையும்

நியூசிலாந்துக்குப் போய் வந்ததிலிருந்து ஆசிரியர் அறையில் எல்லோரும் கேட்பது மலையையும் ஆட்டையும் பனியையும் பற்றித்தான். அதையெல்லாம் யூடியூப்பில் ஆயிரம் பேர் காட்டிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது வேறொன்று. முப்பத்தாறு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு துவக்கைக் கையில் எடுத்துச் சுட்டேன். விளையாட்டாக, வெற்றுப் பேணிகளைப் பார்த்து. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையிருந்தால் வாசியுங்கள்.

எங்கட மச்சான், அதாவது ராத்தாட மாப்பிள்ளை, ஹமில்டன் பக்கம் ஒரு பால் பண்ணையில் வேலை செய்கிறார். பண்ணைக்காரர் எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெரியவர். அங்கே முயல் புல்லைத் தின்று, நிலத்தைத் தோண்டிப் பாழாக்கும். ஆகவே பண்ணையில் துவக்கு என்பது மண்வெட்டி போல ஒரு சாமான். போன டிசம்பர் விடுமுறைக்கு நான் போயிருந்தபோதுதான் மச்சானுக்கும் லைசன்ஸ் கிடைத்திருந்தது. தனக்கென்று ஒரு .22 ரைபிள் வாங்கக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

அவர்கள் 'பிளிங்கிங்' என்று ஒரு பொழுதுபோக்கைச் சொல்கிறார்கள். போட்டியும் இல்லை, வேட்டையும் இல்லை. வெற்று டின்களை அடுக்கி வைத்து, இருபது இருபத்தைந்து மீற்றரில் இருந்து சுடுவது. பட்டால் 'பிளிங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம்தான் பெயராகிவிட்டது. சின்ன வயதில் கெட்டப்போலால் மாங்காய்க்கு அடித்தவர்களுக்கு இந்தச் சந்தோசத்தை விளக்கத் தேவையில்லை.

இந்த விளையாட்டுக்கு உலகம் முழுக்கப் பாவிப்பது .22 லோங் ரைபிள் என்ற சின்ன ரவை. சுண்டுவிரலை விட ஒல்லி. சன்னத்தின் நிறை வழமையாக 40 கிரெய்ன், அதாவது இரண்டரை கிராமுக்குக் கொஞ்சம் கூட. இதை 'ரிம்பயர்' என்பார்கள். பெரிய ரவைகளில் அடிப்பாகத்தின் நடுவில் தீப்பற்றும் மருந்து ஒரு தனிக் குப்பியில் இருக்கும். இதில் அந்த மருந்து அடிவிளிம்புக்குள்ளேயே சுற்றிவரப் பூசப்பட்டிருக்கும். துவக்கின் ஊசி விளிம்பை நசுக்கினால் பற்றிக்கொள்ளும். செய்வது சுலபம், விலை குறைவு, தோளில் உதை கிட்டத்தட்ட இல்லை.

இதன் வரலாறு எனக்குப் பிடித்திருந்தது. 1845 அளவில் பாரிஸில் புளோபேர் என்ற துவக்குச் செய்பவர் வீட்டு மண்டபத்துக்குள்ளேயே சுட்டு விளையாடுவதற்காகச் சின்ன ரவை ஒன்றைச் செய்தார். 1857இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெசன் அந்த வழியில் .22 ஷோர்ட் என்ற ரவையைக் கொண்டுவந்தது. 1887இல் ஸ்டீவன்ஸ் கம்பனி லோங் ரைபிளை உருவாக்கியது. ஆக, இதன் மூதாதை பிறந்ததே விளையாட்டுக்குத்தான்.

ஆனால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்தும் விடக்கூடாது. 1968இல் ரொபர்ட் கென்னடியைக் கொன்றது ஒரு .22 கைத்துப்பாக்கி. இந்தச் சின்ன சன்னம் ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் போகும். தண்ணீரிலும் கல்லிலும் பட்டால் தெறித்து வேறு பக்கம் பாயும்.

இனி லைசன்ஸ் கதை. மச்சான் பாதுகாப்புப் பாடம் படித்து, பரீட்சை எழுதி, வீட்டில் பூட்டக்கூடிய இரும்புப் பெட்டி பொருத்தி, பிறகு அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறார். மச்சானைக் கேட்டதோடு முடியவில்லை. ராத்தாவையும் தனியாக இருத்திக் கேட்டார்களாம். இவருக்குக் கோபம் வந்தால் எப்படி, வீட்டில் துவக்கு இருந்தால் உங்களுக்குப் பயமில்லையா என்று. "அண்டைக்கு நான் ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா இவருக்குத் துவக்கும் இல்ல, ஒண்டும் இல்ல" என்று ராத்தா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறா. மனைவியின் சொல்லுக்கு இவ்வளவு பாரம் கொடுக்கும் ஒரு சட்டத்தை நான் அப்போதுதான் கண்டேன்.

எந்த ரைபிளை வாங்கலாம் என்ற கேள்விக்குள்ளும் ஒரு சட்டம் இருக்கிறது. 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. கிரைஸ்ட்சேர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் ஒருவன் 51 பேரைக் கொன்றான். ஒரு மாதம் முடிய முன்னரே பெரும்பாலான அரைத் தானியங்கித் துவக்குகளைத் தடைசெய்யும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆதரவு 119, எதிர்ப்பு 1. அந்தத் தடையிலிருந்து விலக்கப்பட்டவற்றில் ஒன்றுதான், பத்து ரவைக்கு மேல் கொள்ளாத .22 ரிம்பயர். தலையில் தொப்பியோடு, தாடியோடு, மச்சான் அந்தக் கடைக் கவுண்டருக்கு முன்னால் நின்றபோது எனக்கு இதெல்லாம் நினைவில் ஓடியது. கடைக்காரருக்கும் ஓடியிருக்கலாம். அவர் லைசன்சை வாங்கிச் சரிபார்த்தார், திருப்பிக் கொடுத்தார், "எதுக்குப் பாவிக்கப் போறீங்க?" என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான் அது.

மேசைக்கு வந்தவை மூன்று. முதலாவது ரூகர் 10/22. 1964இல் வந்தது. அரைத் தானியங்கி. விசையை அழுத்த அழுத்தச் சுட்டுக்கொண்டே போகும், மகசினில் பத்து ரவை. உலகத்தில் மிகப் பிரபலமான .22 ரைபிள்களில் ஒன்று. மச்சானின் கண் அதில்தான். இரண்டாவது, கவ்போய் படங்களில் வருவது போல விசைக்குக் கீழே உள்ள வளையத்தை இறக்கி ஏற்றும் லீவர் ரைபிள். பார்க்க ஆசையாக இருக்கும். மூன்றாவது, செக் நாட்டு சி.இஸட். 457. போல்ட் வகை. ஒவ்வொரு வெடிக்கும் கையால் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டும். மகசினில் ஐந்து ரவை.

பெரியவர் மூன்றாவதைக் காட்டினார். அவர் சொன்ன காரணம் இது: பத்து ரவையைப் பத்து செக்கனில் முடித்தால் பேணி விழும், ஆனால் எந்த ரவை விழுத்தியது, ஏன் விழுத்தியது என்று உனக்குத் தெரியாது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் போல்ட்டை இழுக்கும் அந்த இரண்டு செக்கனில்தான் நீ பழகுகிறாய்.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு முதல் வருடம் சொல்லித் தந்ததும் இதுதானே. எளியதிலிருந்து கடினத்துக்குப் போ, ஒரு நேரத்தில் ஒரு திறன், பிழை எங்கே என்று பிள்ளையே கண்டுபிடிக்க நேரம் கொடு. கிழவர் எந்தக் கல்லூரிக்கும் போனவரில்லை.

மச்சான் கொஞ்சம் யோசித்து போல்ட் ரைபிளைத் தோளில் வைத்துப் பார்த்தார். வாங்கும்போது பார்க்க வேண்டியதும் அதுதான். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, கன்னத்தை மரக்கட்டையில் சாய்த்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். கழுத்தை வளைக்காமல் ஸ்கோப்புக்குள் முழு வட்டமும் தெரிந்தால் அது உங்கள் உடம்புக்குச் சரியான அளவு. கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் கட்டை நீளம், வேறு பாருங்கள். மச்சானுக்கு அது தைத்த சட்டை போலப் பொருந்தியது. வாங்கினார். ரவையிலும் ஒரே வகையை மொத்தமாக வாங்கவில்லை, மூன்று கம்பனிகளில் ஐம்பது ஐம்பதாக வாங்கினார். .22 ரைபிள்களில் ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு ரவை பிடிக்குமாம். சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே டிசம்பர் கோடைகாலம். மஃரிப் எட்டரை மணிக்குப் பிறகுதான். மாலைப் பால் கறவை முடிந்து, அஸரும் தொழுதுவிட்டுப் போனால் வெளிச்சம் தாராளமாக இருக்கும். லைசன்ஸ் இல்லாதவரும், லைசன்ஸ் உள்ளவர் பக்கத்தில் நின்று நேரடியாகக் கண்காணித்தால் சுடலாம். எனக்குப் பக்கத்தில் பெரியவர் நின்றார்.

பேணிகளை வேலிக் கம்பத்தில் வைக்கத்தான் எனக்கு நினைப்பு வந்தது. படங்களில் அப்படித்தானே. பெரியவர் வேலியையும் குளத்துப் பக்கத்தையும் விட்டு, ஒரு குன்றின் அடியில், ஆளுயரத்துக்கு மேல் நின்ற மண்மேட்டுக்கு முன்னால் நிலத்தில் வரிசையாக வைத்தார். பேணியைத் தவறும் ரவை எங்கே போகும் என்பதுதான் முதல் கேள்வி, பேணி இரண்டாவது என்றார். கண்ணாடிப் போத்தல் வைக்கவே கூடாது, மாடு மேயும் இடம். முடிந்த பிறகு கிழிந்த டின் துண்டு, வெற்றுத் தோட்டா எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். மாடு புல்லோடு விழுங்கினால் வயிற்றைக் கிழிக்கும். சாப்பிட முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். ஈயம் கையில் ஒட்டும்.

நியூசிலாந்தில் துவக்குக்கு ஏழு விதிகள் சொல்வார்கள். எந்தத் துவக்கையும் ரவை நிரப்பியதாகவே நினை என்பது ஒன்று. நான்காவது என்னை நிறுத்தியது: சந்தேகத்துக்கு இடமில்லாமல் உன் இலக்கு எதுவென்று உறுதிசெய்.

கிழக்கில் பிறந்த ஒருவனுக்கு இந்த வசனம் வேறு மாதிரிக் கேட்கும். நான் கைக்குழந்தையாக இருந்த 1990இல், ஓகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்களுக்கு இலக்கு எதுவென்று தெரிந்துதான் இருந்தது. எங்கள் தலைமுறைக்குத் துவக்கு என்றால் சோதனைச் சாவடி, இரவுச் சத்தம், விளக்கை அணைத்துவிட்டு உம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளியது. அதைக் கையில் எடுத்துச் சிரிக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

காதுக்கு மூடி போட்டு, பாயில் படுத்து, சுட்டேன். சன்னம் மண்ணில். இரண்டாவதும் மண்ணில். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ரைபிளை வாங்கி, திரும்பி நின்று ரவை போட்டுத் தந்தார். விசையை அழுத்தினேன். 'டிக்' என்றது, வெடிக்கவில்லை. ஏற்கனவே சுட்ட வெற்றுத் தோட்டாவை எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார். ஆனால் அந்த 'டிக்'குக்கு முன்னரே என் கண் இரண்டும் இறுக மூடிவிட்டிருந்தன, தோள் சுருங்கியிருந்தது. உதையே இல்லாத துவக்குக்கு! சத்தம் வரப்போகிறது என்று என் உடம்பு முடிவெடுத்து, முப்பது வருடப் பழக்கத்தில் தன்னை ஒளித்துக்கொண்டது.

அவருக்கு எங்கள் ஊர்க் கதை தெரியாது. நானும் சொல்லவில்லை. "எல்லாருக்கும் வரும், கண்ணைத் திறந்து வெச்சிருக்கிறதுதான் பாடம்" என்பது போல ஏதோ சொன்னார். எது ரவை, எது வெற்று என்று தெரியாமல் மாற்றி மாற்றித் தந்தார். மூச்சை உள்ளே இழு, பாதி விடு, நிறுத்து, விரல் நுனியால் மெதுவாக அழுத்து, எப்போது வெடிக்கும் என்று நீ தீர்மானிக்காதே. மூன்றாம் நாள் மாலை ஸ்கோப்புக்குள் பேணி துள்ளி விழுவதை என் கண்ணால் கண்டேன். கண்டேன் என்றால், கண் திறந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ், அன்றைக்கு ஐம்பதில் முப்பத்தொன்று.

பேணி நெருங்கி இருந்ததால்தான் அதுவும். ஐம்பது மீற்றருக்குச் சரிசெய்த .22 ரைபிளால் நூறு மீற்றரில் அதே குறியில் சுட்டால் சன்னம் கிட்டத்தட்ட ஒரு சாண் கீழே விழும். எறியப் பாதையைக் கரும்பலகையில் எத்தனை வருடமாக வரைகிறேன். அங்கேதான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் யாராவது வாங்க நினைத்தால் நான் கண்டதைச் சொல்கிறேன். முதலில் இடம்: பின்னால் நல்ல மண்மேடு இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம், கழக மைதானத்துக்குப் போங்கள். அடுத்தது போல்ட் வகை, உடம்புக்கு அளவானது. மிச்சக் காசை ரவைக்கும் காதுமூடிக்கும் பூட்டுப் பெட்டிக்கும் போடுங்கள். வலக்கைக்காரருக்கும் இடக்கண் பலமாக இருக்கலாம். இரண்டு கையாலும் ஒரு சின்ன ஓட்டை செய்து, தூரத்துப் பொருளை அதற்குள்ளால் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணுக்குப் பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் குறிக்கண்.

உம்மாவிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "என்ட மகன், அதத் தொட்டிட்டுக் கையக் கழுவினயா?" என்றா. கழுவினேன் உம்மா, சவர்க்காரம் போட்டு.

மருமகளுக்குப் பத்து வயது. எங்களுக்குப் பின்னால் காதுமூடியோடு உட்கார்ந்து கொப்பியில் புள்ளி போடுவாள், முடிந்ததும் வெற்றுத் தோட்டாவை எண்ணுவாள். ஐம்பது போனால் ஐம்பது வர வேண்டும். துவக்கு எப்படிச் சத்தம் போடும் என்று அவளைக் கேட்டேன். "டிங்" என்றாள். அது பேணியின் சத்தம். அவளுக்கு அந்தச் சத்தம் அப்படியே இருக்க வேண்டும் என்று துஆச் செய்கிறேன்.

கடைசியாக, படம் ஏன் போடவில்லை என்று யாரும் கேட்க வேண்டாம். மச்சான் எடுத்த நல்ல படம் ஒன்று இருந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் வீடுகளில் அலுமாரிகள் திறக்கப்பட்ட காலத்தை நான் மறக்கவில்லை. விமானம் ஏற முதல் அதை அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.