பெயின்கில்லர் கேட்ட விடுதி அறை

ஜூடாஸ் ப்ரீஸ்ட் என்றாலே எனக்கு விடுதி அறைதான் ஞாபகம் வரும். இரண்டாமாண்டில் அறைத் தோழன் பென்டிரைவில் கொண்டுவந்தது ‘பெயின்கில்லர்’ ஆல்பம். தொடக்கமே டிரம்ஸ்தான். பாடகர் வாயைத் திறப்பதற்குள் அடி நெஞ்சில் இறங்கிவிடும். கேட்டிராத தோழர்கள் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இவர்கள் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கத்து ஆட்கள். பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் வளர்ந்த வால்சால், பட்டறைகளும் வார்ப்பு ஆலைகளும் நிறைந்த ஊர். தோலுடை, ஆணி பதித்த பட்டை, இரட்டைக் கிடார், கிழியும் குரல் என்று ஹெவி மெட்டலுக்கு நாம் மனதில் வைத்திருக்கும் உருவத்தை நிலைநிறுத்தியதில் இவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அப்படிப்பட்டவர்கள் 1986இல் ‘டர்போ’ ஆல்பத்தில் கிடார் சிந்தசைசரைக் கையிலெடுத்தார்கள். விலைபோய்விட்டார்கள் என்று ரசிகர்களில் ஒரு பகுதியினர் கோபப்பட்டார்கள். (நானும் பிற்பாடு அதையே சொல்லித் திரிந்தேன், ஆல்பத்தை முழுசாகக் கேட்காமலே.)

1990இல் பெயின்கில்லர். பழைய ஒலிக்குத் திரும்பினார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஸ்காட் டிராவிஸ் என்ற அமெரிக்க டிரம்மர் புதிதாக வந்தார். அவருடைய இரண்டு கால்களும் ஓயாமல் பேஸ் டிரம்மை உதைக்க, கிடார்கள் ஈடுகொடுத்து ஓட வேண்டியிருந்தது. மற்றவர்கள் நாற்பது வயதை ஒட்டியவர்கள். தங்களைக் கேட்டு வளர்ந்த த்ராஷ் பையன்களிடம் வேகத்தைக் கற்றுக்கொண்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. அந்தக் கோடையில்தான், பழைய பாட்டொன்றில் ரகசியச் செய்தி வைத்து இரண்டு இளைஞர்களைத் தற்கொலைக்குத் தூண்டியதாக அமெரிக்காவின் நெவாடாவில் இவர்கள்மீது வழக்கு நடந்தது. அது தள்ளுபடியானது.

என்னை உலுக்கியது வேறு. ஹால்ஃபோர்ட் தன்பாலீர்ப்பாளர். அதை 1998இல்தான் தொலைக்காட்சியில் வெளிப்படையாகச் சொன்னார். பெயின்கில்லரில் அந்தக் குரல் அவ்வளவு கத்துகிறது, ஒன்றை மட்டும் சொல்லாமல்.

‘ஊர்ல எந்தத் தெருடா?’ என்ற கேள்விக்கு விடுதியில் இரண்டு வருடம் மழுப்பியவன் நான். அறைத் தோழனிடமும்தான். மூன்றாமாண்டில் ஒரு ராத்திரி அவனிடம் சொன்னேன். அப்போது ஓடிக்கொண்டிருந்தது டர்போ. அவன் ஒலியைக் குறைத்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மெஸ் மூடிருவான், வா” என்றான்.

சாப்பிட்டு வந்து மீதி ஆல்பத்தைக் கேட்டோம். நான் சொல்லித் திரிந்த அளவுக்கு மோசமில்லை.