பூவுக்கு எத்தனை குதிரை?

பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதுகிறவனிடம் சொந்தக்காரர்கள் மூன்று விஷயம் கேட்பார்கள். வருமான வரியை எப்படிக் குறைப்பது, இன்ன நடிகையை நேரில் பார்த்திருக்கிறாயா, எந்த வண்டி வாங்கலாம். முதல் இரண்டையும் சிரித்தே சமாளித்துவிடலாம். மூன்றாவதைக் கேட்டது என் மனைவியின் தம்பி. அதைச் சமாளித்தால் வீட்டில் காபி வராது.

மாப்பிள்ளைக்கு ஊர் பனவடலிசத்திரம். சுற்றுப்பட்டுத் தோட்டங்களில் மல்லிகையும் பிச்சியும் வாங்கி, சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் போடுகிறான். மல்லிகை மொட்டாக இருக்கிறவரைதான் அதற்கு மரியாதை. வெயில் ஏற ஏற விலை இறங்கும். போன வைகாசியில், முகூர்த்தத்துக்கு முதல் நாள், அவன் பிடித்த வாடகை வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. டீசல் ஃபில்டரில் தண்ணீர். மார்க்கெட் போய்ச் சேர மணி பதினொன்று. மூட்டைக்குள் சூடேறிப் பாதிப் பூ மலர்ந்திருந்தது. தோட்டக்காரர்களுக்குப் பேசின பணத்தைப் பைசா குறைக்காமல் கொடுத்தான். அதற்காக அடகுக்குப் போன கம்மல் என் வீட்டில் இருந்து போனதுதான். ஆகவே, சொந்த வண்டி.

ஷோரூம்காரர்கள் எல்லோரும் குதிரை வியாபாரிகள், சார்! எடுத்த எடுப்பில் 'இத்தனை ஹார்ஸ் பவர்' என்கிறார்கள். 2005-ல் குட்டி யானை என்று நாம் செல்லப்பெயர் வைத்த டாட்டா ஏஸ் வந்தபோது, ரெண்டு சிலிண்டர் டீசல் என்ஜின், வெறும் 16 குதிரைதான். அதை வைத்தே எத்தனையோ பேர் பிழைத்தார்கள். 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் மூன்று சிலிண்டரோடு வந்தது. பொலேரோ பிக்கப்புக்கு நாலு சிலிண்டர், இரண்டரை லிட்டர். மாப்பிள்ளை மனசு பொலேரோவில். முகப்பு கம்பீரமாக இருக்கிறதாம்.

அவனை ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் கூட்டிப்போனேன். அவர் வண்டி பெயரையே கேட்கவில்லை.

"என்னத்த ஏத்தப் போற?"

"பூ, அண்ணாச்சி."

"எவ்வளவு?"

"சீசன்ல முந்நூறு கிலோ வரும்."

"பூவுக்கு எதுக்குவே இத்தன குதிர?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தான். அடுத்த கேள்விதான் முக்கியம்: "எப்படி ஓட்டுவ?" தோட்டம் தோட்டமாக நின்று, என்ஜினை அணைக்காமல் பூ எடைபோட்டு, ரெண்டு கிலோமீட்டர் போய் மறுபடி நின்று... "அப்ப புது டீசல்னா யோசி" என்றார்.

காரணம் இது. 2020 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு பி.எஸ்.6 விதி. டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்க சைலன்சர் பாதையில் ஒரு வடிகட்டி வந்துவிட்டது. சேர்ந்த கரி எரிந்து சாம்பலாக 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். மெயின் ரோட்டில் கால் மணி, இருபது நிமிஷம் ஒரே சீராக ஓட்டினால் அது தானாக நடக்கும். நின்று நின்று போனால் கரி அடைக்கும், விளக்கு எரியும், வண்டி இழுக்காது. பழைய என்ஜின் என்றால் பம்ப்பைத் திருகி, ஏர் லாக் எடுத்துக் கிளப்பிவிடுவார்கள். இப்போது கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கவேண்டும். அதிகாலை நாலு மணிக்கு கம்ப்யூட்டருக்கு எங்கே போக?

பழைய வண்டிக்கும் போய்ப் பார்த்தோம். அண்ணாச்சி முதலில் பானெட்டைத் தொட்டார். சுட்டது. "நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடேத்திட்டான்" என்றார். ஆறின என்ஜின் கிளம்புகிற அழகில்தான் அதன் வயசு தெரியுமாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்ததும் குப்குப்பென்று புகை அடித்தால் பேக் கம்ப்ரஷன், சீக்கிரமே போர் வேலை. ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தால் பேச்சே வேண்டாம், தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியில் முதல் இரண்டும் இருந்தன. டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

கடைசியில் ரெண்டு சிலிண்டர் பெட்ரோல் குட்டி யானை. 30 குதிரை, 750 கிலோ சுமை. கரி வடிகட்டித் தொல்லை இல்லை. பெட்ரோல் செலவு கூடுமே என்று நான் பேப்பர் எடுத்தேன் (பி.காமுக்கு வேறென்ன வேலை). தினம் 60 கிலோமீட்டர், டீசல் லிட்டருக்கு 20, பெட்ரோல் 15 என்று வைத்தால் நாளுக்கு 130 ரூபாய் போலக் கூட வந்தது. டீசல் வண்டியின் கூடுதல் விலைக்கு வட்டியும் தவணையும் போட்டதில் பெரும்பகுதி கழிந்துபோனது. மிச்சத்துக்கு எதிரே, ஒரு வைகாசிக் காலையை எழுதினேன். மாப்பிள்ளை பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

முன்பணம் கட்டுமுன் அண்ணாச்சி இன்னொரு வேலை வைத்தார். சங்கரன்கோவிலில் உதிரிபாகக் கடைகளில் போய் அந்த வண்டிக்கு ஃபேன் பெல்ட், கிளட்ச் பிளேட், பெட்ரோல் பம்ப் மூன்றும் கேட்டுவரச் சொன்னார். "இந்தா"ன்னு எடுத்துக் கொடுத்தால் வாங்கு, "நாளைக்கு வரும்"னு சொன்னால் வேண்டாம். மூன்றும் இருந்தன.

வண்டி வந்து நாலு மாதம். காலையில் பூ இறக்கினபிறகு வண்டி சும்மா நிற்கிறதே என்று மாப்பிள்ளைக்கு இப்போது புளியங்குடி எலுமிச்சை மேல் கண். அண்ணாச்சியிடம் அனுமதி கேட்கப் போனான்.

"ஏத்து. 750 கிலோவுக்கு மேல ஒரு மூட்ட ஏத்தினன்னு தெரிஞ்சா, எங் கட வாசப்பக்கம் வராத!"