பெர்லிஸ் மாந்தோப்பில் ஒரு பகல்

கிள்ளானில் வாங்கித் தின்ற பங்கனப்பள்ளியின் கொட்டையை வீட்டு வாசலில் புதைத்து, ஏழு ஆண்டுகள் தண்ணீர் ஊற்றினேன். காய்த்ததோ நாரும் புளிப்பும். ஊறுகாய்க்கு மட்டுமே ஆகும். பங்கனப்பள்ளி, அல்போன்சா போன்ற இந்திய இனங்களின் கொட்டையில் தாயின் குணம் அப்படியே வராது என்பது அப்போது எனக்குத் தெரியாது. உங்களில் எத்தனை பேர் இப்படி ஏமாந்தீர்களோ!

மரத்தை வெட்டிய பிறகு, சாலையோரக் கடைக்காரர் ஒருவர், "திசு வளர்ப்பு மாங்கன்று, நூறு வெள்ளி" என்றார். வாசலில் ஒரு மரத்துக்குத்தான் இடம். மறுபடியும் ஏழு ஆண்டு வீணாகக் கூடாதே என்று, மாம்பழத்துக்குப் பேர்போன பெர்லிசுக்கே போய் விசாரிக்கப் புறப்பட்டேன்.

ஆராவ் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கினால் நெல்வயல். வயலுக்கு நடுவே சுண்ணாம்புக் குன்றுகள். நாட்டிலேயே மிகச் சிறிய மாநிலம் இது. ஆண்டின் தொடக்கத்தில் இங்கே வெயில் நன்றாகக் காயும். அந்த வறட்சியில்தான் ஹருமானிஸ் மரம் பூக்கும். மழை விடாத நம் தோட்டப்புறங்களில் மாம்பூ கருகி உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். நான் போனது மே மாதம், நல்ல பருவம். காய்க்குக் காய் தாள் உறை மாட்டியிருந்தார்கள். பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கிறது. அறுத்தால்தான் உள்ளே மஞ்சள் தெரிகிறது. வாசனையைச் சொல்லவே வேண்டாம்!

தோப்புக்காரப் பாக்சிக்கிடம் நூறு வெள்ளிக் கன்றைப் பற்றிக் கேட்டேன். "வாழைக்குச் சரி. மாவுக்கு இதுதான்" என்று சட்டைப் பையிலிருந்து சிறு கத்தியை எடுத்துக் காட்டினார்.

அவர் சொன்னது மெய். வாழையின் குருத்துத் துண்டைச் சுத்தம் செய்து, சர்க்கரையும் உரச்சத்தும் கலந்த பாகில் கண்ணாடிப் புட்டிக்குள் வைத்தால் ஒன்று பலவாகப் பெருகும். மாந்துளிரை வெட்டினாலோ அதன் சாறு கறுத்துப் பாகையே கெடுத்துவிடும். உள்ளே ஒளிந்திருக்கும் பூஞ்சணம் கிளம்பும். தப்பிப் பிழைத்த துளிரும் எளிதில் வேர் விடாது. பிஞ்சு விதையின் உட்சதையிலிருந்து கருக்களை உண்டாக்க 1980களிலேயே வழி கண்டார்கள். ஆனாலும் அவற்றை நல்ல கன்றாக்கி மண்ணில் நிறுத்துவது இன்றும் பெரும்பாடு.

செம்பனைக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கலாம். புட்டியில் பிறந்த செம்பனைகள் சிலவற்றில் கோணல் காய் காய்த்து, குலை எண்ணெய்க்கு உதவாமல் போனது. அதன் காரணத்தை மலேசிய ஆய்வாளர்கள் 2015இல்தான் கண்டுபிடித்தார்கள்.

கத்தி வேலையோ நம் ஆட்கள் ரப்பர் நாற்றுக்குக் கண் வைத்து ஒட்டிய அதே குடும்பத்து வேலை. கொட்டையில் முளைத்த கன்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, நல்ல மரத்துக் கொம்பை ஆப்புப் போலச் சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுகக் கட்டினார் பாக்சிக். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஒட்டு வடுவைத் தடவிப் பார்த்து ஒரு கன்று வாங்கினேன். "வடுவை மண்ணில் மூடிவிடாதே. அதற்குக் கீழே துளிர்த்தால் கிள்ளிப் போடு; அது உன் பழைய புளிப்பு மாதான்" என்றார் அவர். ரயிலில் ஊர் வரும்வரை கன்று என் மடியிலேயே இருந்தது.